கழற்றிய கோட்டு

எங்களுக்கு இரண்டாம் பந்தி, எட்டேகால் மணிக்கு. அக்கா அரக்கு நிறக் காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு ஏழரைக்கே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் கேபினில் இருந்த ஒரே கண்ணாடி முன்னால் நின்று, கழுத்தில் கட்டவேண்டிய கறுப்பு 'போ'வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கிளிப் வச்சதா வாங்கியிருக்கலாம்லா?" என்றாள் அக்கா.

"அது ஹோட்டல்ல வேலை பாக்குறவன் போடுறது" என்றார் அத்தான்.

அத்தான் முப்பத்திரண்டு வருஷம் லண்டனில் பேருந்து ஓட்டியவர். ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தில் ஒரு பகுதியை இந்த ஏழு இரவுகளுக்குக் கட்டியிருந்தார். பார்சலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிவிட்டு பார்சலோனாவிலேயே இறங்க வேண்டும். கிளம்புவதற்கு முன் அவர் எனக்கு அனுப்பிய செய்தியில் பார்க்கவேண்டிய ஊர்கள் எதுவும் இல்லை. எந்த இரவுக்கு என்ன உடுப்பு என்கிற பட்டியல்தான் இருந்தது. முதல் இரவு சாதாரணம். இரண்டாம் இரவு 'ஃபார்மல்': ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது கறுப்பு சூட், பெண்களுக்கு நீள கவுன். அடியில் சின்ன எழுத்தில், அவரவர் நாட்டு உடையும் ஏற்கப்படும் என்று ஒரு வரி. அந்தச் சந்துக்குள் நுழைந்து நான் எட்டு முழ வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகத் தயாராகியிருந்தேன். அக்காவுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. பட்டுப்புடவையை இந்த உலகத்தில் எந்த வாசலிலும் யாரும் தடுப்பதில்லை.

உணவுக்கூடத்துக்கு வெளியே புகைப்படக்காரர்கள் கடை விரித்திருந்தார்கள். பின்னால் ஒரு பெரிய கித்தான். அதில் வளைந்து இறங்கும் பளிங்குப் படிக்கட்டு ஒன்று வரையப்பட்டிருந்தது. ஜோடி ஜோடியாக அதன் முன் நின்று, அந்தப் படிகளில் இப்போதுதான் இறங்கி வந்தவர்களைப்போலச் சிரித்தார்கள். எடுத்துக்கொள்வது இலவசம், வாங்குவதற்குத்தான் காசு. கோட்டு போடும் இரவில் இந்தக் கடையில் நல்ல வியாபாரம்.

வாசல் மேசையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர், கறுப்புக் கோட்டில். நெஞ்சுப் பட்டையில் பெயரும், அதன் கீழே நாடும்: இந்தியா. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். மனைவி பச்சை கவுனில். எட்டு வயது இருக்கும் பையன் குட்டி சூட்டும் 'போ'வுமாக. அப்பா முட்டிக்கு மேல் நிற்கும் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும். இளைஞர் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் ஏதோ சொன்னார். மேலே பத்தாம் தளத்து பஃபேயில் இதே சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் சாரம். "நான் பணம் கட்டியிருக்கிறேன்" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. இளைஞரின் முகத்திலிருந்த சிரிப்பு அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அந்த மனிதர் லிப்டை நோக்கி நடந்தார். மனைவி பையனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

"ஒரே ஒரு ராத்திரி. ஒரு பேண்ட் போட முடியாதா?" என்று முணுமுணுத்தார் அத்தான். அந்த இளைஞர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். தமிழ் காதில் விழுந்த பார்வை அது. ஆனால் ஆங்கிலத்தில்தான் வரவேற்றார்.

*

அத்தானைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷமும் அவர் போட்டது கம்பெனி கொடுத்த சட்டை. பொத்தானில்கூட கம்பெனியின் முத்திரை இருக்கும். இந்தக் கோட்டு அவராகக் கடையேறி, துணியைத் தடவிப் பார்த்து, அளவு கொடுத்துத் தைத்தது. சொந்தக் காசில் ஒரு சீருடையை வாங்கிப் போடும்போது அது சீருடையாகத் தெரியாதுபோலும். நம் ஊர்க் கல்யாணத்தில் கடன் வாங்கியாவது பட்டு எடுப்பவரை எனக்குத் தெரியும். அதில் வீம்பு பாதி இருந்தாலும், மீதி பாதி பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவருக்குச் செய்கிற மரியாதை.

ஆனால் அந்தப் படிக்கட்டு மனதை விட்டுப் போகவில்லை. அந்த மாதிரிப் படிக்கட்டுகள் உண்மையிலேயே இருந்தன. 1935இல் ஓடத் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பல் 'நார்மண்டி'யில் முதல் வகுப்பு உணவுக்கூடம் 93 மீட்டர் நீளம். ஒரே நேரத்தில் 700 பேர் உட்காரலாம். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைவிட நீளமானது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கடலைப் பார்ப்பதற்காக யாரும் அங்கே வரவில்லை. படியிறங்கி வருகிறவர்களைப் பார்க்கவும், தாங்கள் இறங்கும்போது பார்க்கப்படவும் வந்தார்கள். இறங்கி வருவதற்கென்றே பிரெஞ்சில் 'பேரிறக்கம்' என்கிற மாதிரி ஒரு பெயர் இருந்தது.

இந்த ஒப்பனைக்கெல்லாம் அடியில் இருந்தது ஒரு சாமான் கணக்கு. அன்றைக்கு அட்லாண்டிக்கைத் தாண்டியவர்கள் பீரோ அளவு பெட்டிகளோடு ஏறினார்கள். நிற்கவைத்துத் திறந்தால் ஒரு பக்கம் கோட்டு மாட்டும் தண்டு, மறுபக்கம் இழுப்பறைகள். தூக்கக் கூலியாட்கள், மடித்து வைக்க வேலைக்காரர்கள். வழியில் தேவைப்படாத பெட்டிகள் அடுக்கறைக்குப் போய்விடும். முதல் இரவும் கடைசி இரவும் கோட்டு கட்டாயமில்லை என்ற வழக்கம் வந்தது இதனால்தான். முதல் நாள் பெட்டி பிரித்திருக்காது, கடைசி நாள் கட்டி முடித்திருக்கும். அத்தானின் பட்டியலில் முதல் இரவு 'சாதாரணம்' என்றிருந்ததே, அது நூறு வருஷத்துக்கு முந்தைய கூலியாட்களின் வேலை நேரத்தைச் சுமந்து வந்த சொல்.

1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் ஒரு இரவுக்குள் சுருங்கியது. போய்ச்சேர வேண்டியவர்கள் விமானத்தில் ஏறிவிட்டார்கள். எங்கும் போய்ச்சேரத் தேவையில்லாதவர்களுக்காகக் கப்பல்கள் தங்களை மாற்றிக்கொண்டன. அப்படிச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் துறைமுகம்வரை விமானத்தில்தான் வரவேண்டியிருந்தது. விமானத்தில் பெட்டிக்கு 23 கிலோ. கோட்டு, அதற்கென்று ஒரு சட்டை, அதற்கென்று ஒரு ஜோடி கறுப்பு ஷூ, எல்லாமாக மூன்று நான்கு கிலோ, ஒரே ஓர் இரவுக்கு. ஒழுங்கு கெட்டுவிட்டது, தலைமுறை மாறிவிட்டது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்தத் தராசை மறந்துவிடுகிறார்கள்.

*

அந்தக் காலத்தில் எல்லோரும் ஒழுங்காக உடுத்தினார்கள் என்பதும் முழுக்க உண்மையில்லை. 1922இல் எமிலி போஸ்ட் எழுதிய நடத்தைக் கையேட்டை அமெரிக்க நடுத்தர வர்க்கம் வேதமாக வைத்திருந்தது. அதில் அவர் கப்பல் இரவுணவுக்கு நடன உடையில் வருகிறவர்களைக் கிண்டல் செய்கிறார். பகட்டைக் காட்ட வேறு இடம் இல்லாதவர்கள்தாம் கப்பலில் காட்டுவார்கள், உண்மையான பெரிய இடத்து ஆட்கள் அங்கே முழு மாலையுடையைத் தொடவே மாட்டார்கள் என்பது அவர் தீர்ப்பு. நார்மண்டி வருவதற்கு முன்பே இந்தத் தீர்ப்பு அச்சேறிவிட்டது. ஆக, அதிகமாக உடுத்தினாலும் அம்மையார் விடமாட்டார், குறைவாக உடுத்தினாலும் வாசலில் விடமாட்டார்கள். எது சரியான அளவு என்பது ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வாசல் என்பதே அதற்காகத்தானே.

இன்னும் பின்னால் போனால் கதை வேடிக்கையாகிவிடுகிறது. அத்தான் அளவு கொடுத்துத் தைத்த டின்னர் ஜாக்கெட் பிறக்கும்போது 'சாதாரண' உடையாகத்தான் பிறந்தது. 1865இல் லண்டன் சாவில் ரோ தையற்காரர் ஹென்றி பூல், வேல்ஸ் இளவரசருக்கு நீல நிறத்தில் ஒரு குட்டைக் கோட்டு தைத்துக் கொடுத்தார். பின்னால் வால் தொங்கும் கோட்டை வீட்டுச் சாப்பாட்டுக்கும் போட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, அதனால்தான். 1886இல் நியூயார்க் பக்கம் செல்வந்தர்களுக்கென்று டக்சீடோ பார்க் என்ற குடியிருப்பு உருவானது. அங்கே புழங்கியதால் அமெரிக்காவில் அதற்கு டக்சீடோ என்றே பெயர். இடுப்பில் கட்டும் 'கம்மர்பண்ட்' நம் பக்கத்துச் சரக்கு. பாரசீகக் 'கமர்பந்த்', இடுப்புக்கட்டு. இந்தியாவின் புழுக்கத்தில் உள்கோட்டு தாங்காமல் வெள்ளைக்கார அதிகாரிகள் அதற்குப் பதிலாகச் சுற்றிக்கொண்டது. சூயஸ் வழியாக வரும் கப்பல்கள் செங்கடலில் நுழைந்ததும் மேல்கோட்டும் போய்விடும். சட்டையும் இடுப்புக்கட்டும் போதும். 'செங்கடல் உடுப்பு' என்றே அதற்குப் பெயர் வந்தது. வெயில் அடித்தால் விதி இளகும் என்பதைப் பேரரசு ஒத்துக்கொண்ட அபூர்வமான இடங்களில் அது ஒன்று.

இதே கணக்கில் பார்த்தால் ஜீன்ஸுக்கு நடந்திருப்பது அநியாயம். பல கப்பல்களில் ஃபார்மல் இரவின் தடைப்பட்டியலில் முதலில் நிற்பது அதுதான். 'ஜீன்ஸ்' என்ற பெயர் ஜெனோவாத் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது. அதன் பங்காளியான 'டங்கரீஸ்' மும்பை டோங்ரியின் முரட்டுத் துணியிலிருந்து வந்தது. இரண்டும் மாலுமிகளின் உடம்பில் கிடந்தவை. கடலில் உழைத்த துணிக்குக் கப்பல் பந்தியில் இடமில்லை.

இந்த ஏற்பாடு இருபது இருபத்தைந்து வருஷமாகத் தளர்ந்துகொண்டு வருகிறது. நார்வீஜியன் கப்பல் நிறுவனம் 2000இல் நினைத்த நேரத்தில் சாப்பிடலாம், கோட்டு கட்டாயமில்லை என்று அறிவித்தது. மலேசியாவின் கெந்திங் குழுமத்துக் கப்பல் நிறுவனம் அதைக் கைப்பற்றிய அதே வருஷம். செலப்ரிட்டி கப்பல் நிறுவனம் 2015இல் ஃபார்மல் இரவு என்ற பெயரையே எடுத்துவிட்டு, பொருள் பிடிபடாத ஒரு பிரெஞ்சுச் சொல்லை ஒட்டியது. பழைய குனார்ட் நிறுவனத்தின் கப்பல்களில் ஃபார்மல் இரவுகளில் மாலை ஆறு மணி அடித்ததும் இன்னமும் ஒரு மாற்றம் நடக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாம் கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடுகிறார்கள்.

*

1888 செப்டம்பர் 4. பம்பாயிலிருந்து 'கிளைடு' என்ற கப்பலில் பதினெட்டு வயது காந்தி லண்டனுக்குப் புறப்பட்டார். கப்பலில் போட கறுப்பு சூட், இறங்கும்போது போட நண்பர்கள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஃபிளானல் என்று அவரே திட்டம் போட்டிருந்தார். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது, எதில் இறைச்சி இருக்கிறது என்று கேட்கக் கூச்சம். அதனால் பந்திக்கே போகாமல், கையில் கொண்டுவந்த பலகாரத்தையும் பழத்தையும் கேபினுக்குள் உட்கார்ந்து தின்றே பெரும்பாலான நாட்களை ஓட்டினார். இறங்கிய அன்று பார்த்தால், செப்டம்பர் கடைசியில் வெள்ளை உடுத்திய ஒரே ஆள் அவர்தான். மாற்றலாம் என்றால் பெட்டிகளும் சாவியும் ஏஜெண்டிடம் போய்விட்டன. சுயசரிதையில் அந்த வெட்கத்தை அவர் மறைக்கவில்லை.

1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதி வீட்டில் அவர் அரை வேட்டிக்கு மாறியது நமக்கெல்லாம் தெரிந்த கதை. பத்து வருஷம் கழித்து, 1931இல், வட்டமேசை மாநாட்டுக்காக 'ராஜ்புதானா' கப்பலில் அதே வழியாக, அதே அரை வேட்டியோடு போனார். முதல் பயணத்தில் உடையால் கேபினுக்குள் ஒளிந்தவர், இந்தப் பயணத்தில் இரண்டாம் வகுப்புச் சீட்டோடு பெரும்பொழுதை மேல்தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கழித்தார். இந்தக் கதையை உடைக்கட்டுப்பாட்டுக்கு எதிரான வெற்றியாகச் சொல்வது சுலபம். எனக்கு என்னவோ அந்த முதல் பயணத்துப் பலகாரப் பொட்டலம்தான் அதிகம் நினைவில் நிற்கிறது. எல்லோராலும் காந்தியாகிவிட முடியாது. அரைக்கால் சட்டையோடு பத்தாம் தளத்துக்குப் போன அந்த மனிதர் அங்கே தனியாக எதைத் தின்றாரோ.

*

அன்றிரவு எங்கள் மேசைக்கும் வாசலில் நின்ற அதே இளைஞர்தான் வந்தார். இடது முன்கையில் மடித்துப் போட்ட வெள்ளைத் துணி. அதைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம்.

நமக்கு மரியாதை என்பது பெரும்பாலும் கழற்றுவதில் இருக்கிறது. செருப்பைக் கழற்றுகிறோம். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றுகிறோம். பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிறோம். ஆனால் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கும் கக்கத்துக்கும் இறங்கிய கதை வேறு. அது மரியாதை என்ற பெயரில் சாதி பிடுங்கியது. தெற்கே பெண்கள் தோளை மறைக்க ஒரு சீலை போடுவதற்கே பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. கழற்றச் சொல்வதும் போடச் சொல்வதும் ஒரே வாய்தான். சொல்கிறவர் யார் என்று பார்த்தால் போதும், உடை விதியின் பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி விளங்க, பரிமாறுகிறவரைப் பார்க்கவேண்டும். நம் நீதிமன்றங்களில் நீதிபதிக்கு முன்னால் நடந்து வரும் டவாலியைப் பாருங்கள். தலைப்பாகை, குறுக்கே பட்டை, கையில் தடி. ஒரு காலத்து அரசவை உடுப்பு. நட்சத்திர ஹோட்டல் வாசலில் கார்க் கதவைத் திறந்துவிடும் மீசைக்காரர் தலையில் மகாராஜா தலைப்பாகை. மகாராஜாக்கள் இன்று அதை அன்றாடம் கட்டுவதில்லை. எசமானர்கள் சுமை தாங்காமல் கழற்றிப் போட்டதெல்லாம் ஒரு தலைமுறை கழித்து வேலைக்காரர் உடம்பில் வந்து உட்காருகிறது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரபு வீடுகளில் ஏவலாளர்கள் முந்தைய நூற்றாண்டின் சரிகைக் கோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். 'டைட்டானிக்' மூழ்கிய இரவில் உயிர்காப்பு மேலுறையைக் கழற்றிவிட்டு மாலையுடைக்கு மாறி நின்ற கோடீசுவரர் பெஞ்சமின் குகன்ஹைமை எல்லோரும் சொல்வார்கள். அவருடைய பணியாளரும் மாலையுடையில் பக்கத்தில் நின்று அவரோடு மூழ்கினார். அந்த இரவில் அந்தப் பணியாளருக்கு உடை விதியில் விலக்கு இருந்திருக்குமா?

2014இல் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சேப்பாக்கத்து கிரிக்கெட் கிளப் வாசலில் நிறுத்தினார்கள். ஒரு மாதத்தில் சட்டமன்றம் சட்டமே கொண்டுவந்தது: வேட்டியைத் தடுத்தால் ஒரு வருஷம் சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் ரத்தாகலாம். நான் அன்றைக்கு மகிழ்ந்தவன்தான். கப்பலில் என் வேட்டிக்கு வழிவிட்ட அந்தச் சின்ன எழுத்து வரியின் பின்னாலும் இப்படி எத்தனையோ பேர் வாசலில் நின்றிருப்பார்கள். ஆனால் அந்த வாதங்கள் எல்லாம் வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்பவரைப் பற்றியவை. பழைய கிளப்புகளில் வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு சித்திரை வெயிலில் புல்வெளியைக் கடக்கிறவர் என்ன உடுத்தலாம் என்று சட்டத்திலும் கேள்வி இல்லை, நம்மிடமும் இல்லை.

கப்பலில் கோட்டு மறைந்துகொண்டு வருகிறது என்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். மூன்றாம் இரவு, 'சாதாரண' இரவு. எங்கள் பகுதியில் பன்னிரண்டு மேசை. விருந்தாளிகளில் ஒருவர் உடம்பிலும் கோட்டு இல்லை. பரிமாறிய ஆறு பேர் உடம்பிலும் இருந்தது.

*

அதே மூன்றாம் நாள் பகலில் நாங்கள் ஜெனோவாவில் இருந்தோம். அக்காவும் அத்தானும் மீன்காட்சிச் சாலைக்குப் போனார்கள். நான் பேராலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மறைமாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே நீலம் தோய்த்த பழைய லினன் துணிகள் சில இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிய வரிசை. கிறிஸ்துவின் பாடுகளை வெள்ளைக் கோடுகளால் தீட்டி, புனித வாரத்தில் தொங்கவிடுவார்களாம். ஜீன்ஸின் பாட்டன் என்று காட்டுகிறார்கள். வெகுநேரம் பார்த்தேன். ஆணியில் மாட்டிய வேலைக்காரன் சட்டைபோல மங்கிப் போயிருந்தது அந்த நீலம்.

திரும்பும்போது பழைய துறைமுகத்தின் கல்திட்டில் வரிசையாக இளைஞர்கள், கையில் கைபேசி. இலவச வைஃபை கிடைக்கிற இடங்களெல்லாம் கப்பல் ஊழியர்களுக்கு அத்துப்படி. கடந்து போனவனை ஒரு குரல் நிறுத்தியது.

"அண்ணாச்சி."

வெளுத்த ஜீன்ஸ், டீ சட்டை, ரப்பர் செருப்பு. கொஞ்சம் நேரம் பிடித்தது அடையாளம் தெரிய.

"ராத்திரி தமிழ்ல பேச முடியல, தப்பா நினைச்சுக்கிடாதிய. டைனிங் ஹால்ல இங்கிலீசு மட்டுந்தான்."

மணப்பாட்டுக்காரர். ஒரு ஒப்பந்தம் ஒன்பது மாதம், இது நான்காவது. அம்மாவோடு பேசி முடித்திருந்தார். மூன்று மணிக்குள் கப்பலேற வேண்டும்.

"கோட்டு எத்தனை குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு. ஒண்ணு லாண்டிரில, ஒண்ணு உடம்புல" என்று சிரித்தார். "மே மாசத்துல நம்ம ஊர்ல போட்டா செத்துருவோம். இங்க ஏசில ஒண்ணுந் தெரியாது."

"நேத்து ஒருத்தரை மேல அனுப்பினீங்களே, அப்புறம் வந்து சண்டை போட்டாரா?"

"இல்ல அண்ணாச்சி. காலைல அவரே குட்மார்னிங் சொல்லிட்டுப் போறாரு. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிட்டு. அந்தப் பய திரும்பித் திரும்பிப் பாத்தாம்லா."

அதற்குள் அக்காவும் அத்தானும் கையில் ஐஸ்கிரீமோடு வந்துவிட்டார்கள். அத்தான் பகல் உடையில், முட்டிவரை நிற்கும் காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி. யாரோ ஊர்ப் பையனோடு நான் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்க வேண்டும்.

"யாருடே இது?" என்றார் என்னிடம்.

இளைஞர் சட்டென்று எழுந்து நின்றார். அவருடைய வலது கை தானாக வயிற்றுப் பக்கம் போய், டீ சட்டையில் எதையோ தேடியது. கோட்டின் பொத்தான் இருக்கும் இடம். விரல்கள் அந்த வெறுந்துணியை ஒரு கணம் பிடித்துவிட்டு இறங்கின.

"குட் ஆஃப்டர்நூன், சார்" என்றார்.